சும்மா நின்ற மூன்றரை நிமிஷம்

முதலிலேயே சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் கடைசியாக முழுசா ஒரு பக்கம் எழுதியது பன்னிரண்டாம் வகுப்பு பொதுத்தேர்வில். "ஃபைனல் இயர்ல இருந்து ஒரு கட்டுரை வேணும்ணா" என்று ஜூனியர்கள் ரூமுக்கே வந்து கேட்டபோது, "கேம் பத்தி எழுதலாமா?" என்றேன். ஒருத்தன் மூஞ்சி சுருங்கியது. இன்னொருத்தன், "எழுதுங்கண்ணா, ஆனா கடைசியில ஒரு மெசேஜ் வந்துடணும்" என்றான். வருதா இல்லையா என்று நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்க. ஒற்றுப்பிழை நிறைய இருக்கும். கட்டுரையே ஒற்றர்களைப் பற்றியது என்பதால் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

கேம் பெயர் வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ். 2010ல் ரஷ்யாவில் வந்தது, அடுத்த வருஷம் மற்ற நாடுகளுக்கும் வந்தது. எங்கள் ஹாஸ்டலில் எல்லாரும் மொபைலில் வேற வேற கேம் ஆடிக்கொண்டிருக்க, எங்கள் ரூமில் மட்டும் மூணு லேப்டாப்பில் இது ஓடும். நான், என் ரூம்மேட், எதிர் ரூமிலிருந்து ஒரு மெக்கானிக்கல்காரன். அவனை நாங்கள் 'மெக்' என்றுதான் கூப்பிடுவோம். இந்த கேமில் மூணு பேர் வரை சேர்ந்து ஒரே டீமில் இறங்கலாம். அந்தக் கணக்கு எங்களுக்குச் சரியாகப் பொருந்தியது.

ஆடாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். இந்தப் பக்கம் 15 டேங்க், அந்தப் பக்கம் 15 டேங்க். மொத்தம் 15 நிமிஷம். எதிரி டேங்க் எல்லாத்தையும் அழிக்கணும், இல்லைன்னா அவங்க பேஸில் போய் நின்று அதைப் பிடிக்கணும். செத்தா செத்ததுதான், அந்த மேட்ச்சில் திரும்பி வர முடியாது. ஹெவி டேங்க் என்றால் தடிமனான இரும்பு, மெதுவான நடை. டேங்க் டிஸ்ட்ராயர் என்றால் பெரிய பீரங்கி, ஒளிந்திருந்து அடிக்கும். ஆர்ட்டிலரி எல்லாருக்கும் பின்னாடி நின்று வானத்தில் தூக்கிப் போடும். கடைசியாக லைட் டேங்க். அதில் இரும்பும் இல்லை, பெரிய பீரங்கியும் இல்லை. வேகம் மட்டும்தான். அவன்தான் ஸ்கவுட். நம்ம ஊர் பாஷையில் ஒற்றன்.

இவ்வளவு சோதா வண்டிக்கு ஏன் பயப்படணும்னு நினைக்கறீங்களா? இந்த கேமில் எதிரி உங்கள் கண் முன்னாடி நின்றாலே தெரிந்துவிட மாட்டான். உங்கள் டீமில் யாராவது ஒருத்தர் அவனை 'ஸ்பாட்' பண்ணினால்தான் அவன் திரையில் தோன்றுவான். ஒவ்வொரு டேங்குக்கும் பார்வை தூரம் என்று ஒன்று உண்டு, மறைவுத் திறன் என்று ஒன்று உண்டு. பார்க்கிறவனுடைய பார்வை தூரத்திலிருந்து 50 மீட்டரைக் கழித்து, வருவதை மறைவுத் திறனால் பெருக்கி, அதை அவன் பார்வை தூரத்திலிருந்து கழித்தால், எத்தனை மீட்டரில் நீங்கள் மாட்டுவீர்கள் என்று வந்துவிடும்.

நம்ம ஆட்களுக்கு எண் போட்டால்தான் திருப்தி, அதனால் ஒரு உதாரணம். ஸ்கவுட்டின் பார்வை 390 மீட்டர். நீங்கள் ஒரு புதருக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறீர்கள், மறைவு 40 சதவீதம். 390இல் 50 போனால் 340. அதில் 40 சதவீதம் 136. ஆக, அவன் 254 மீட்டர் கிட்ட வந்தால்தான் உங்களைப் பார்க்க முடியும். இப்போது ஆசைப்பட்டு ஒரு குண்டு போடுகிறீர்கள். மறைவு 10 சதவீதமாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. கணக்கு 356 மீட்டர். ஒரே குண்டில் நூறு மீட்டர் தூரத்துக்கு உங்களை நீங்களே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். நகர்ந்தாலும் இதே கதைதான். பெரும்பாலான டேங்குக்கு நகரும்போது மறைவு குறையும். லைட் டேங்குக்கு மட்டும் ஓடினாலும் நின்றாலும் ஒரே மறைவு. அதனால்தான் அவன் ஒற்றன்.

50 மீட்டருக்குள் வந்துவிட்டால் சுவர், மலை எது நடுவில் இருந்தாலும் தெரியும். 445 மீட்டருக்கு மேல் எவ்வளவு நல்ல பைனாகுலர் மாட்டினாலும் ஸ்பாட் பண்ண முடியாது. இந்த 445 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

நீங்கள் எதிரி கண்ணில் பட்ட 3 வினாடி கழித்து, திரையில் ஒரு பல்பு எரியும். சிக்ஸ்த் சென்ஸ் என்று அதற்குப் பெயர். பல்பு எரிஞ்சா கொஞ்ச நேரத்தில் பல்பு வாங்கப் போறோம்னு அர்த்தம். ஏனென்றால் ஒருத்தன் உங்களைப் பார்த்தால் அவன் டீமே உங்களைப் பார்க்கும். அவன் சுடவே மாட்டான். பின்னாடி இருக்கும் அவன் ஆட்கள் சுடுவார்கள்.

இதுவரைக்கும் சொன்னது விதிமுறை. இனிமேல் நடந்தது.

இந்த வருஷம் ஃபர்ஸ்ட் ரிவியூ முடிந்த சனிக்கிழமை ராத்திரி. ப்ரோகோரோவ்கா மேப் வந்தது. 1943 ஜூலை 12ஆம் தேதி ஜெர்மன் டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் மோதிய நிஜ ஊரின் பெயர் அது. குர்ஸ்க் போரில் வரும். கேமில் அது ஒரு பெரிய வெட்டவெளி. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். ஒரு பக்கம் ரயில் பாதை மேடு, அங்கங்கே வரிசையாக மரம், புதர். ஸ்கவுட்டுக்கு சொர்க்கம்.

அன்றைக்கு ரூம்மேட் ஆர்ட்டிலரி எடுத்திருந்தான். மெக் ஹெவி. நான் டேங்க் டிஸ்ட்ராயர். இறங்கும்போதே ரூம்மேட் சொன்னான்: "மச்சி, அந்த ஓரத்துப் பாதையை நீ பாத்துக்கோ. அவங்க டீம்ல ரெண்டு லைட் இருக்கு. எவனாவது அந்த வழியா வந்தான்னா நான் காலி." ஆர்ட்டிலரி ஒரு குண்டு போட்டால் அடுத்த குண்டுக்கு ரொம்ப நேரம் காத்திருக்கணும். பக்கத்தில் ஒரு லைட் டேங்க் வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கோழிக்கூண்டுக்குள் கீரி புகுந்த மாதிரி.

"ஓகேடா" என்றேன். புதருக்குப் பின்னால் போய் நின்றேன். கடிகாரம் 14:20 காட்டியது.

நின்றேன். நின்றேன். ஒருத்தனும் வரவில்லை. அந்தப் பக்கம் ரயில் மேட்டில் சண்டை சூடு பிடித்தது. மெக் கத்திக்கொண்டே அடிக்கிறான். எல்லாருக்கும் எண் ஏறுகிறது. எனக்கு சைபர். புதர் இலையை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். 12:00 ஆச்சு. 11:30 ஆச்சு. மெஸ்ஸில் தோசை தீர்ந்துபோகும் நேரத்தில் வரிசையில் கடைசியில் நிற்கிற மாதிரி ஒரு பதற்றம். "இங்க ஒண்ணுமே நடக்கல, வேஸ்ட்டா நிக்கிறேன்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, 10:50க்கு வண்டியைத் திருப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

10:05க்கு ரூம்மேட் கத்தினான். "டேய், லைட் வந்துட்டான்டா! நீ எங்கடா இருக்க?"

நான் அப்போது ரயில் மேட்டுக்குப் பின்னாடி நின்று ஒரு ஹெவியை அடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அரை நிமிஷத்தில் ஆர்ட்டிலரி போச்சு. அதோடு நிற்கவில்லை. அந்த ஸ்கவுட் எங்கள் பின்பக்கமாகவே ஒரு புதரில் உட்கார்ந்துகொண்டான். எங்கள் ஹெவி ஒவ்வொருத்தருக்கும் பல்பு எரிய ஆரம்பித்தது. முன்னாலிருந்து வருவதைத் தடுக்க இரும்பு இருக்கிறது, பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பவனை என்ன செய்வது? 15-க்கு 6 என்று தோற்றோம்.

ரிசல்ட் வந்தது. என் டேமேஜ் 2,400. டீமில் மூணாவது இடம். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. "பாத்தியா, நான் என் வேலையைச் செஞ்சிட்டேன், டீம்தான் சரியில்ல" என்றேன்.

ரூம்மேட் லேப்டாப்பை மூடினான். கோபமாகக்கூட இல்லை. "கேம்ல மட்டும் இல்லடா நீ இப்படி" என்றான். போர்வையை இழுத்துப் படுத்துவிட்டான். மெக் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு சார்ஜரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஒரு கேமுக்கா இவ்வளவு என்று நினைத்தேன். ரெண்டு நாள் பேசவில்லை. பத்துக்குப் பத்து ரூமில் ரெண்டு நாள் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரே பக்கெட், ஒரே அயர்ன் பாக்ஸ். "எடுத்துக்கவா?" என்று கேட்கக்கூட வாய் வராது.

மூணாவது நாள், நான் செய்தது தப்பில்லை என்று அவனிடம் நிரூபிக்கலாம் என்றுதான் அந்த மேட்ச்சின் ரீப்ளேயைத் திறந்தேன். இந்த கேம் ஒவ்வொரு மேட்ச்சையும் பதிவு பண்ணி வைக்கும். ஆனால் நமக்குத் தெரிந்தது மட்டும்தான் அதில் இருக்கும், எதிரி ஒளிந்திருந்த இடம் தெரியாது. ஒரு ரஃப் நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தேன்.

10:50, நான் வண்டியைத் திருப்புகிறேன். 10:44, திரையில் பல்பு எரிகிறது. மேட்ச் நடக்கும்போது இதை நான் கவனிக்கவே இல்லை. பல்பு 3 வினாடி தாமதமாகத்தான் எரியும். அப்படியென்றால் 10:47க்கு ஒருத்தன் என்னைப் பார்த்திருக்கிறான். மூன்றரை நிமிஷமாக எரியாத பல்பு, நான் புதரை விட்டு வெளியே வந்த மூணு வினாடியில் எரிந்திருக்கிறது. 10:05, ரூம்மேட் கண்ணில் ஸ்கவுட் படுகிறான்.

நடுவில் 42 வினாடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 700 மீட்டர். இப்போது அந்த 445ஐ எடுங்க. என்னைப் பார்த்தவன் என்னிடமிருந்து அதிகபட்சம் 445 மீட்டருக்குள்தான் இருந்திருக்க முடியும். எனக்குப் பின்னால் ஆர்ட்டிலரி நின்ற இடம், மினிமேப் கட்டத்தை எண்ணிப் பார்த்தால், சுமார் 300 மீட்டர். மினிமேப்பில் பத்துக்குப் பத்து கட்டம், இந்த மேப்பில் ஒரு கட்டம் 100 மீட்டர். ரெண்டையும் கூட்டினால் 745.

நோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் எங்கிருந்தோ சுற்றி வரவில்லை. நான் எதிரில் நிற்கிறேன் என்று தெரிந்தோ, இல்லை யாரோ நிற்கலாம் என்று சந்தேகப்பட்டோ, அங்கேயே ஏதோ ஒரு புதரில் காத்திருந்திருக்கிறான். நான் திரும்பினேன், அவன் கிளம்பினான். ஒண்ணுமே நடக்கவில்லை என்று நான் நினைத்த அந்த மூன்றரை நிமிஷமும் நான் அவனைப் பிடித்து வைத்திருந்தேன். அந்த மேட்ச்சில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். அதைத்தான் வேஸ்ட் என்று சொல்லி விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் அடித்த 2,400, தோற்கப் போகிற மேட்ச்சில் சேர்த்த எண்.

ரிசல்ட் பட்டியலில் எத்தனை குண்டு போட்டோம், எத்தனை பட்டது, எவ்வளவு டேமேஜ் என்று எல்லாம் இருக்கும். ஸ்கவுட்டுக்குக்கூட, அவன் ஸ்பாட் பண்ணி மற்றவர்கள் அடித்த டேமேஜில் பங்கு உண்டு. 'இவன் நின்றதால் ஒருத்தன் வரவில்லை' என்பதற்கு மட்டும் எந்தப் பத்தியும் இல்லை.

அப்போதுதான் "கேம்ல மட்டும் இல்லடா" எனக்கு உறைத்தது.

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், வயலில் மண் ஈரப்பதம் பார்த்து மோட்டாரைத் தானாக ஓட்டும் சிஸ்டம். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் வருஷா வருஷம் ஒரு டீமாவது செய்வது, சிரிக்காதீங்க. நான் மொபைல் ஆப், டேஷ்போர்டு, பி.பி.டி. பளபள வேலை எல்லாம் என்னுது. ரூம்மேட்டுக்கு சர்க்யூட், டெஸ்டிங். ரிலே ஆன் ஆகும்போது சில சமயம் போர்டு தானாக ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. சில சமயம்தான். நாம் பார்க்கும்போது ஆகாது, திரும்பினால் ஆகும். நான் "அதெல்லாம் டெமோல வராது, விடு" என்றேன். அவன் விடவில்லை. மூணு ராத்திரி சீரியல் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு ரீசெட்டுக்கும் நேரம் எழுதினான். கடைசியில் ரிலே இழுக்கும் நொடியில் சப்ளை வோல்டேஜ் இறங்குகிறது என்று கண்டுபிடித்து, போர்டு பக்கத்தில் ஒரு கெபாசிட்டர் வைத்தான். அவ்வளவுதான். பார்த்தால் இருபது ரூபாய்கூடப் பெறாத வேலை. அதற்கப்புறம் போர்டு ரீசெட் ஆகவே இல்லை. ஆகாத ஒன்றை யார் கவனிப்பார்கள்?

ஃபர்ஸ்ட் ரிவியூவில் பேனலில் இருந்த ஒரு மேடம் கரெக்ட்டாக அதையே கேட்டார்கள். "ரிலே ஆன் ஆகும்போது கன்ட்ரோலர் ரீசெட் ஆகுமே, அதை எப்படிச் சமாளிச்சீங்க?" நான்தான் முன்னாடி நின்று பேசிக்கொண்டிருந்தேன். "சப்ளையில ஒரு கெபாசிட்டர் போட்டேன் மேடம்" என்றேன். "குட், ப்ராக்டிகலா யோசிச்சிருக்கீங்க" என்று எழுதிக்கொண்டார்கள்.

போட்டேன். 'போட்டான்' என்று சொல்லியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் 'போட்டோம்'. இங்கிலீஷில் பிரசென்ட் பண்ணியிருந்தால் யார் செய்தது என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை ஓட்டியிருப்பேன். தமிழில் வினைச்சொல்லின் வாலைப் பிடித்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். வாய் தவறி வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் ஏன் எப்பவும் அந்தப் பக்கமே தவறுகிறது?

அவன் அப்போது பக்கத்தில்தான் நின்றான், கையில் மல்டிமீட்டரோடு. ஒன்றும் சொல்லவில்லை. அது நடந்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ராத்திரிதான் அந்த மேட்ச்.

அன்றைக்கு ராத்திரி ரஃப் நோட்டை அவன் மேஜையில் வைத்தேன். 10:50, 10:44, 10:05, 700, 445, 300. கீழே "நான் நகர்ந்ததுதான் தப்பு" என்று எழுதியிருந்தேன். அவன் கணக்கை ஒரு தடவை சரிபார்த்தான். அவன் அப்படித்தான், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டான். "கணக்கு கரெக்ட்" என்றான். அப்புறம், "ரிவியூ?" என்றான். நான் "சாரிடா" என்றேன். சினிமா மாதிரி கட்டிப்பிடித்தெல்லாம் அழவில்லை. "சரி, டீ குடிக்கப் போலாமா?" என்றான்.

செகண்ட் ரிவியூவில் டெஸ்டிங் பகுதியை அவன்தான் பேசினான். அவனுக்கு மேடை என்றால் கை நடுங்கும், ரெண்டு இடத்தில் நிறுத்தினான். அதே மேடம் இருந்தார்கள். நான் நடுவில் புகுந்து, "மேடம், போன தடவை அந்த கெபாசிட்டர் நான் போட்டேன்னு சொன்னேன். இவன்தான் போட்டான். மூணு நாள் ராத்திரி முழிச்சிருந்து கண்டுபிடிச்சதும் இவன்தான்" என்றேன். மேடம் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். "அந்த லாக் புக் இருக்கா?" என்று அவனைக் கேட்டார்கள். இருந்தது. பத்து நிமிஷம் அதையே புரட்டினார்கள். என் டேஷ்போர்டை யாரும் கேட்கவே இல்லை. வருத்தமா என்று கேட்டால், கொஞ்சம் வருத்தம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

சரி, கேமுக்கு வரலாம். ஸ்கவுட்டை எப்படித் தடுப்பது என்று தெரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்தவர்களை ஏமாற்றக் கூடாது. அந்த மேட்ச்சுக்கு அப்புறம் நான் செய்வது இதுதான்.

லோடிங் ஸ்கிரீனிலேயே எதிர் டீமில் எத்தனை லைட் டேங்க் என்று எண்ணிவிடுவேன். ஆட்டம் ஆரம்பித்த பின் ஒவ்வொருத்தனும் கடைசியாக எங்கே தெரிந்தான் என்று மினிமேப்பில் பார்த்துக்கொண்டே இருப்பேன். ரெண்டு பேர் இருந்து ஒருத்தன்தான் தெரிந்தான் என்றால், தெரியாத அந்த ஒருத்தன்தான் இன்றைக்கு என் வேலை. திருக்குறளில் ஒற்றாடல் என்று 59ஆவது அதிகாரம் இருக்கு, ஸ்கூலில் படித்திருப்பீங்க. ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார்க்கணும் என்று அதில் வரும். பல்பு ஒரு செய்திதான். பார்த்துட்டான் என்று சொல்லும், எவன், எங்கிருந்து என்று சொல்லாது. அதை மினிமேப்பை வைத்துச் சரிபார்க்கணும்.

பல்பு எரிந்தால் புதரை நம்பக் கூடாது. புதர் மறைக்கும், தடுக்காது. பாறையோ வீடோ, குண்டு புகாத எதற்காவது பின்னால் போகணும். அவன் பார்வையை விட்டு வெளியே போன பிறகும் சுமார் 10 வினாடி எதிரி திரையில் நாம் தெரிந்துகொண்டிருப்போம். அதுவரை தலையை நீட்டக் கூடாது.

புதருக்கு ரொம்ப ஒட்டி நின்று சுடக் கூடாது. 15 மீட்டருக்குள் இருக்கும் புதர், நாம் சுட்ட உடனே பெரும்பாலும் பிரயோஜனமில்லாமல் போகும். பின்னால் தள்ளி, 15 மீட்டருக்கு அப்பால் நின்று, புதர் வழியாகச் சுட்டால் மறைவு மிஞ்சும். நமக்கு எதிரில் இருப்பது தெரியாது, ஆனால் டீமில் வேறு யாராவது ஸ்பாட் பண்ணினால் போதும்.

ஸ்கவுட்டைத் துரத்தவே கூடாது. முன்னெல்லாம் ஒரு லைட் ஓடினால் நாங்கள் மூணு பேரும் துரத்துவோம். அவனுக்கு வேண்டியதே அதுதான். நாம் ஓடினால் நம் மறைவு குறையும், நாம் இருந்த இடம் காலியாகும், நம் பீரங்கி எல்லாம் பின்பக்கம் திரும்பும். 2019ல் பிரெஞ்சு இ.பி.ஆர். மாதிரி சக்கர வண்டிகள் வந்தபின் துரத்துவது இன்னும் முட்டாள்தனம். நின்ற இடத்தில் நின்று, அவன் போகிற திசைக்குக் கொஞ்சம் முன்னால் குறிவைத்து, முன் சக்கரத்தில் அடிக்கணும். சங்கிலி அறுந்தால் நிற்பான். நின்ற லைட் டேங்க் செத்த லைட் டேங்க். ஹெச்.இ. குண்டு இருந்தால் இன்னும் நல்லது, அவன் மெல்லிய இரும்புக்கு அதுவே அதிகம்.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், இந்தப் புதரில்தான் இருப்பான் என்று தோன்றினால் ஒரு குண்டை அங்கே போட்டுப் பார்க்கலாம். தெரியாத டேங்க் மேலும் குண்டு படும். பட்டால் லாபம். படாவிட்டாலும் அவனுக்கு ஒரு பயம் வரும். ஆனால் சுட்டால் நாமும் தெரிவோம் என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாக, இடத்தை விட்டுப் போவதாக இருந்தால் சொல்லிட்டுப் போகணும். ஒரு வார்த்தை. மினிமேப்பில் ஒரு கட்டத்தைக் கிளிக் பண்ணினால்கூட டீம் முழுக்கத் தெரியும். அன்றைக்கு நான் "மச்சி, நான் கிளம்பறேன்" என்று சொல்லியிருந்தால், ரூம்மேட் வேறு இடத்துக்கு வண்டியை நகர்த்தியிருப்பான். எதிரியின் ஒற்றனுக்கு நான் கிளம்பியது தெரிந்தது. என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

போன வாரம் மறுபடியும் ப்ரோகோரோவ்கா வந்தது. ரூம்மேட் ஆர்ட்டிலரி, மெக் ஹெவி. நான் அதே ஓரம், கிட்டத்தட்ட அதே புதர். ஏழு நிமிஷம் நின்றேன். ஒரு தடவை ஒரு லைட் தலையை நீட்டினான், 300 மீட்டரில் தெரிந்தான். ஒரு குண்டு பட்டது, திரும்பி ஓடிவிட்டான், நான் பின்னால் போகவில்லை. அப்புறம் யாரும் வரவில்லை. ரூம்மேட் ஆட்டம் முழுக்க நிம்மதியாகக் குண்டு போட்டான். ஜெயித்தோம். பட்டியலில் என் டேமேஜ் 320. டீமில் பதிமூணாவது இடம். ஜெயித்த சந்தோஷத்திலும் எங்கள் டீமில் முகம் தெரியாத ஒருத்தன் என் பெயரைப் போட்டு, இவன் எல்லாம் எதுக்கு ஆடறான் என்கிற அர்த்தத்தில் சாட்டில் திட்டிவிட்டுப் போனான்.

ரூம்மேட் பட்டியலைப் பார்த்தான். "இன்னிக்கு நம்ம பக்கம் ஒருத்தனும் வரல இல்ல?" என்றான்.

"ஒருத்தனும் வரலடா" என்றேன்.

இன்னும் ரெண்டு மாசத்தில் ஹாஸ்டல் காலி பண்ணணும். அவனுக்கு ஓசூரில் வேலை, எனக்கு இன்னும் முடிவாகவில்லை. மெக் மேல படிக்கப் போகிறான். மூணு ஊரிலிருந்தும் சேர்ந்து ஆடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். எல்லா சீனியர்களும் இப்படித்தான் பேசிவிட்டுப் போனார்கள் என்று எங்களுக்கும் தெரியும்.

ஜூனியர் கேட்ட மெசேஜ் இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை உங்கள் டீமில் ஒருத்தன் ஓரமாக, சைபர் டேமேஜோடு, சும்மா நிற்பதைப் பார்த்தால், திட்டி டைப் பண்ணுவதற்கு முன்னாடி ஒரு தடவை மினிமேப்பைப் பாருங்க. அவன் நிற்கும் வழியாக யாராவது வந்தார்களா? வரவில்லை என்றால், அவன் சும்மா நிற்கவில்லை. ப்ராஜெக்ட் டீமிலும் பாருங்க. முக்கியமா, ரிவியூவுக்கு முந்தின நாள் பாருங்க.